கண்மாய்ப் பந்தி

பொற்றாமரைக் குளத்தில் மீன் கிடையாது என்பது மதுரைக்காரர்களின் பழைய நம்பிக்கை. காரணம் கேட்டால் நாரையின் கதை வரும். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் ‘நாரைக்கு முத்தி கொடுத்த படலம்’ என்று தனியாகவே ஒன்று உண்டு. பாண்டி நாட்டுக் குளமொன்றில் மீன் தின்று வாழ்ந்த நாரை, மழை பொய்த்துக் குளம் வற்றியதும் இடம் பெயர்கிறது. காட்டுக்குள் முனிவர்கள் நீராடும் குளத்துக்குப் போகிறது. அவர்கள் மேனியில் உரசித் திரியும் மீன்களைத் தின்ன மனம் வராமல் பட்டினி கிடக்கிறது. பிறகு மதுரையின் பெருமையைக் கேள்விப்பட்டு இங்கே வந்து, பசி வயிற்றைக் கிள்ளியும் பொற்றாமரை மீனைத் தொடாமல் தவம் இருக்கிறது. இறைவன் தோன்றி என்ன வேண்டும் என்கிறார். முத்தி கேட்ட நாரை கூடவே இன்னொன்றும் கேட்கிறது: என் இனத்தார் மீனைத் தின்று பாவம் சேர்க்காதபடி இந்தக் குளத்தில் மீனே இல்லாமல் போகட்டும்.

பக்தர்கள் இந்தக் கதையின் முடிவைப் பார்க்கிறார்கள். எனக்கு அதன் தொடக்கம்தான் மனதில் நிற்கிறது. குளம் வற்றியது, நாரை கிளம்பியது. பாண்டி நாட்டு நீர்நிலைகளைப் பற்றி இதைவிடச் சுருக்கமாகவும் சரியாகவும் யாரும் எழுதிவிட முடியாது. வரம் ஒரே ஒரு குளத்தோடு நின்றதும் நல்லதாயிற்று. மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்களுக்கும் அது பலித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது.

மதுரைச் சமவெளியில் இயற்கையாக அமைந்த பெரிய சதுப்பு நிலம் கிடையாது. இருப்பவை கண்மாய்கள். பாண்டியர் கல்வெட்டுகள் இந்த நகரத்தையே ‘மாடக்குளக்கீழ் மதுரை’ என்கின்றன. மாடக்குளத்தின் கீழே இருக்கும் மதுரை, அவ்வளவுதான் முகவரி. இன்று தல்லாகுளம், பீபிகுளம் என்று பெயரில் மட்டும் குளத்தை வைத்துக்கொண்டு பேருந்து நிறுத்தங்களாக இருப்பவை ஒருபுறம். வண்டியூர், மாடக்குளம், நிலையூர், சாமநத்தம் என்று இன்னும் தண்ணீர் தேங்கும் கண்மாய்கள் மறுபுறம்.

கண்மாயின் அமைப்பைக் கொஞ்சம் பார்த்துக்கொள்வோம், பின்னால் தேவைப்படும். சரிவான நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் வில்லைப் போல வளைந்த ஒரு மண் கரை. கரையில் மடைகள், உபரி நீர் மறுகால் பாய ஒரு கலுங்கு. கரையை ஒட்டி ஆழம் அதிகம். அங்கிருந்து எதிர்ப்பக்கமாக நடந்தால் இடுப்பளவு, முழங்காலளவு, கணுக்காலளவு என்று குறைந்துகொண்டே போய், எந்த இடத்தில் தண்ணீர் முடிந்து நிலம் தொடங்குகிறது என்று சொல்ல முடியாத ஒரு சேற்றுப் பரப்பு வரும். அதுதான் உள்வாய். மதுரையில் ஆண்டுக்குச் சுமார் 85 சென்டிமீட்டர் மழை. அதில் பாதிக்கு அருகில் ஐப்பசியை ஒட்டிய மூன்று மாதங்களில் கொட்டிவிடும். ஆகவே கண்மாய் மார்கழியில் ஏரி, மாசியில் சதுப்பு, வைகாசியில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் பொட்டல். ஒரே இடம் ஆண்டுக்கு மூன்று வேடம் போடுகிறது. இங்கே வாழும் உயிர்கள் எல்லாம் இந்த வேடமாற்றத்துக்குப் பழகியவை.

பள்ளிப் பாடப் புத்தகத்தில் உணவுச் சங்கிலியை எப்படிப் படித்தோம்? புல்லைப் பூச்சி தின்னும், பூச்சியைத் தவளை தின்னும், தவளையைப் பாம்பு, பாம்பைப் பருந்து. இந்த வரிசையைக் கையில் வைத்துக்கொண்டு உள்வாய்ப் பக்கம் போய் நின்றால் முதல் வரியிலேயே இடிக்கும். ஆள் உயரத்துக்குச் சம்பு அடர்ந்து நிற்கிறது. பக்கத்தில் கோரை. இவ்வளவு பச்சையையும் தின்பது யார்? நீலத் தாழைக்கோழி சம்பின் இளங்குருத்தையும் கிழங்கையும் பிடுங்கித் தின்னும். எருமை ஓரத்துக் கோரையைக் கொஞ்சம் கடிக்கும். பூச்சிகள் சில ஓட்டை போடும். மீதி அப்படியே நிற்கிறது. நாரும் மரத்தன்மையும் மிகுந்த அந்தத் தாள்களைச் செரிக்கும் வயிறு இங்கே அதிகம் இல்லை. உலகத்தின் பல சதுப்புகளில் இதுதான் நிலைமை. அமெரிக்காவின் ஜார்ஜியா கடற்கரைச் சதுப்புகளை ஆராய்ந்த ஜான் டீல் 1962இல் வெளியிட்ட கணக்கிலும் சதுப்புப் புல்லில் பத்தில் ஒரு பங்குகூட உயிரோடு மேயப்படவில்லை.

அப்படியானால் இத்தனை கொக்கும் நாரையும் எதை நம்பி வருகின்றன? செத்த சம்பை நம்பித்தான்.

தாள் காய்ந்து தண்ணீரில் சாய்கிறது. முதல் சில நாளில் அதிலுள்ள சர்க்கரையும் உப்பும் கரைந்து போய்விடும், தேநீர்த் தூள் நிறம் விடுவதைப் போல. பிறகு பூஞ்சைகள் உள்ளே இழை ஓட்டும், பாக்டீரியாக்கள் மேலே படலமாகப் படரும். தாள் நைந்து துணுக்காகும். இந்தத் துணுக்கை ஒரு புழு விழுங்கும்போது அதற்குச் சத்துக் கொடுப்பது பெரும்பாலும் சம்பு நார் அல்ல, நார் மேல் குடியேறிய நுண்ணுயிர்கள்தான். நாம் இலை போட்டுச் சாப்பிடுகிறோம், இலையையா சாப்பிடுகிறோம்? புழுவுக்கு அவ்வளவு நாகரிகம் கிடையாது, இலையையும் சேர்த்து விழுங்கிவிடும். ஆனால் இலை அப்படியே பின்வழியாக வெளியே வந்து சேற்றில் விழும். அதன்மேல் மறுபடி பாக்டீரியா படரும். மறுபடி பரிமாறல். ஒரே இலையில் நாலைந்து பந்தி நடக்கும்.

ஊர்க்காரர்கள் ‘நாத்தம் பிடிச்ச சேறு’ என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் இடம்தான் கண்மாயின் அடுக்களை. அந்த நாற்றமே சமையல் நடக்கிறது என்பதற்கு அடையாளம். ஆக்சிஜன் இல்லாத அடிச்சேற்றில் வேலை செய்யும் பாக்டீரியாக்கள் வெளியிடும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அது.

இந்தச் சேற்றுக்கு மதுரையில் ஒரு சாட்சி உண்டு. அயிரை. மதுரை மெஸ்களில் அயிரை மீன் குழம்புக்கு இருக்கும் மரியாதையைச் சொல்லத் தேவையில்லை. விரல் நீளத்துக்கும் குறைந்த இந்த மீனைச் சமைக்கும் வீடுகளில் முதலில் உயிரோடு பாலிலோ மோரிலோ விடுவார்கள். அது பாலைக் குடித்து வயிற்றில் இருக்கும் மண்ணைக் கக்கிவிடும் என்பார்கள். பிறகு கல்லுப்புப் போட்டு மண்சட்டியில் உரசி எடுப்பார்கள். வயிற்றில் ஏன் மண்? அயிரை அடிச்சேற்றைக் கிளறி, மணலோடு துணுக்குகளையும் சிறு புழுக்களையும் அள்ளி வடிகட்டித் தின்னும் மீன். அந்தப் பாலின் அடியில் படியும் மண்தான் கண்மாய் உணவு வலையின் முதல் முடிச்சு.

இரண்டாவது முடிச்சு ரத்தப்புழு. மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் கடையில் வாங்கும் அதே சிவப்புப் புழு. கடிக்காத ஒரு வகைக் கொசுவின் குஞ்சு அது. உடலில் ஹீமோகுளோபின் இருப்பதால் ஆக்சிஜன் மிகக் குறைந்த சேற்றிலும் மூச்சுவிட்டுக்கொண்டு துணுக்குகளைத் தின்று கொழுக்கும். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் உள்ளான்கள் சேற்றில் அலகை விட்டு விட்டு எடுப்பதெல்லாம் பெரும்பாலும் இந்த வகைப் புழுக்களைத்தான். சைபீரியப் பக்கத்திலிருந்து பறந்து வரும் ஒரு பறவைக்கு மதுரைச் சேற்றில் எரிபொருள் நிரப்பும் ஏற்பாடு இப்படி நடக்கிறது. நிரப்புவது, நாலு மாதத்துக்கு முன் செத்த சம்பு.

நத்தையைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், அதைவிட நத்தைகுத்தி நாரையைப் பற்றி. வயதுவந்த நத்தைகுத்தியின் அலகு மூடினாலும் நடுவில் ஒரு சந்து தெரியும், பாக்குவெட்டியில் விரல் நுழைவது போல. பார்த்தவர்கள் எல்லாம் அதை நத்தை ஓட்டை உடைக்கும் கருவி என்றே நினைத்தார்கள். ஆனால் பறவை அருகே கிடக்கும் ஓடுகளைப் பொறுக்கிப் பார்த்தால் பல ஓடுகள் முழுசாக இருக்கும். உண்மையில் நடப்பது நுட்பமான அறுவை. நத்தையைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, கீழ் அலகின் கூர்நுனியை ஓட்டின் வாய்மூடிக்கு உள்ளே செலுத்தி, உடலை ஓட்டோடு பிணைக்கும் தசையை அறுக்கிறது. பிறகு உதறினால் சதை தனியே வந்துவிடும். இதையெல்லாம் பெரும்பாலும் தலை தண்ணீருக்குள் இருக்கும்போதே, கண்ணால் பார்க்காமலே செய்கிறது. குஞ்சுகளின் அலகில் அந்தச் சந்து இருக்காது, வளர வளரத்தான் வரும்.

நத்தை பாசியையும் நைந்த இலையையும் தின்னும். நத்தையை நாரை தின்னும். இரண்டே படியில் வானத்துக்குப் போய்விடும் பாதை இது. இவ்வளவு நேர்வழி கண்மாயில் அபூர்வம். மற்ற உறவுகளை வரிசையாக எழுத உட்கார்ந்தால் தாளே சிக்கலாகிவிடும்.

தட்டானை எடுத்துக்கொள்வோம். தட்டான் தண்ணீரில் முட்டையிடும். அதன் குஞ்சு மாதக்கணக்கில் நீருக்குள் வாழும் ஒரு முரட்டு வேட்டைக்காரி. முகத்துக்கு அடியில் மடித்து வைத்திருக்கும் கீழுதட்டை வில்லடித்தாற்போல் நீட்டிக் கொசுப்புழுவையும் தலைப்பிரட்டையையும் கவ்வும். அந்தத் தாக்குதலுக்குத் தப்பிய தலைப்பிரட்டை தவளையாகிக் கோரையடியில் உட்கார்ந்துகொண்டு, சிறகு முளைத்து வெளியே வரும் தட்டானை நாக்கை வீசிப் பிடிக்கும். இதில் யார் மேல், யார் கீழ்? இளமையில் தட்டான் தவளையைத் தின்னும், முதுமையில் தவளை தட்டானைத் தின்னும். தலைப்பிரட்டையாக இருந்தபோது அந்தத் தவளை பாசி சுரண்டித் தின்ற சைவப் பிராணி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விரால் இன்னும் மோசம். செம்மஞ்சள் நிறத்தில் பந்தாகத் திரண்டு நீந்தும் விரால் குஞ்சுகளைத் தாயும் தந்தையும் காவல் காக்கும். அந்த வயதில் அவை தின்பது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத மிதவை உயிர்களை. சற்று வளர்ந்தால் பூச்சி, இறால்பொடி. வளர்ந்த விராலோ தவளை, கெண்டைப்பொடி, சமயத்தில் அடுத்த வீட்டு விரால் குஞ்சு என்று எதையும் விடாது. ஒரே மீன் தன் ஆயுளில் மூன்று பந்தியில் இடம் மாறி உட்கார்கிறது. தெளிந்த நீருள்ள ஊரணி ஒன்றில் யூட்ரிகுலேரியா கிடைத்தால் கதை தலைகீழாகவே ஆகிவிடும். வேர் இல்லாமல் மிதக்கும் இந்தச் செடியில் கடுகளவு பைகள் தொங்கும். பையின் வாய்மயிரை ஒரு நீர்த்தெள்ளு தொட்டுவிட்டால் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் பை திறந்து அதை உறிஞ்சிவிடும். இங்கே புல் விலங்கைத் தின்கிறது.

ஆக்ஸ்ஃபோர்டில் பணியாற்றிய சார்லஸ் எல்ட்டன் 1927இல் எழுதிய ‘விலங்குச் சூழலியல்’ நூல்தான் உணவுச் சங்கிலி என்ற எண்ணத்தை நிலைநிறுத்தியது. சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதையும் அவரே சொல்லிவிட்டார். பாடப் புத்தகங்கள்தான் சங்கிலியை எடுத்துக்கொண்டு வலையை விட்டுவிட்டன. தேர்வில் வலையை வரைந்து மதிப்பெண் வாங்குவது கஷ்டம், அதுவும் உண்மை.

இந்த வலையில் எவ்வளவு சோறு ஓடுகிறது என்று முதன்முதலில் அளந்தவர் ரேமண்ட் லிண்டமன். அமெரிக்காவில் மின்னசோட்டாவின் சீடர் பாக் என்னும் சிறு ஏரியில், தூர்ந்து சதுப்பாகிக்கொண்டிருந்த ஒரு நீர்நிலையில், ஐந்தாண்டுகள் பாசி முதல் மீன் வரை எடைபோட்டார். உடல்நலம் குன்றிய இளைஞர். எழுதிய கட்டுரையை முதலில் திருப்பி அனுப்பினார்கள். ஊகம் அதிகம் என்பது மதிப்பீட்டாளர்களின் குறை. அவருடைய வழிகாட்டி ஹட்சின்சன் வாதாடி அதை ஏற்க வைத்தார். 1942 அக்டோபரில் அது அச்சில் வந்தபோது லிண்டமன் உயிரோடு இல்லை. அந்த ஜூனில், 26 வயதில் இறந்துபோனார்.

அவர் கண்டது இது. ஏரிமேல் விழும் சூரிய ஒளியில் ஆயிரத்தில் ஒரு பங்கைத்தான் செடிகளும் பாசியும் உடலாக மாற்றின. அதில் 13 சதவீதம் அடுத்த படிக்குப் போனது. அங்கிருந்து அதற்கு மேல்படிக்கு 22 சதவீதம். மீதியெல்லாம் மூச்சிலும் அசைவிலும் வெப்பமாகப் போய்விட்டது, இல்லையேல் தின்னப்படாமல் சேற்றில் இறங்கியது. பிற்காலத்தில் பல நீர்நிலைகளில் அளந்ததையெல்லாம் உருட்டித் திரட்டி, படிக்குப் பத்தில் ஒன்று என்று புத்தகங்கள் எழுதிக்கொண்டன. மனக்கணக்குக்கு அது போதும்.

மதுரைக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் கிலோ பாசியும் துணுக்கும் இருந்தால் நூறு கிலோ புழு பூச்சி. நூறு கிலோ பூச்சியில் பத்துக் கிலோ கெண்டைப்பொடி. பத்துக் கிலோ கெண்டைப்பொடியில் ஒரு கிலோ விரால். விரால் குழம்பு சாப்பிடுகிறவர் நாலாவது படியில் உட்கார்ந்திருக்கிறார். அயிரைக் குழம்பு சாப்பிடுகிறவர் சேற்றுக்கு அவரைவிட ஒரு படி, சில சமயம் இரண்டு படி நெருக்கம். அதே ஆயிரம் கிலோவிலிருந்து அயிரை விராலைப் போலப் பல மடங்கு கிடைக்க வேண்டும். பிறகு ஏன் அயிரை விலை விராலை விரட்டுகிறது என்று கேட்டால், அது சூழலியலுக்கு அப்பாற்பட்ட விஷயம். மதுரை நாக்கு லிண்டமன் கணக்கைப் படித்ததில்லை.

ஆனால் கூழைக்கடா ஏன் கண்மாய்க்கு ஆயிரக்கணக்கில் இல்லை, கெண்டைப்பொடி ஏன் இருக்கிறது என்பதற்கு இந்தக் கணக்கில் பதில் உண்டு. இன்னொன்றுக்கும் பதில் உண்டு. கண்மாயில் மீன் மொத்தம் இவ்வளவுதான் என்றால், அது பரந்த தண்ணீரில் சிதறிக் கிடந்தால் பெரிய பறவைகளுக்குக் கட்டுப்படி ஆகாது. யாராவது அதை ஓரிடத்தில் திரட்டித் தர வேண்டும். திரட்டித் தருவது வெயில்.

தை பிறந்ததும் கண்மாய் சுருங்கத் தொடங்கும். மடை வழியாக வயலுக்குப் போவது பாதி, ஆவியாவது பாதி. மழைக்காலத்தில் உள்வாயெங்கும் பரவி முட்டையிட்டுப் பெருகிய மீன்கள் ஒரு பள்ளத்தில் வந்து சேரும். சங்குவளை நாரைகள் குஞ்சு வளர்க்கும் பருவம் இதையொட்டி அமைகிறது. இந்த நாரை மீனைத் தேடிப் பார்ப்பதில்லை. நீண்ட மஞ்சள் அலகைப் பாதி திறந்தபடி முழங்கால் நீரில் நுழைத்துத் துழாவிக்கொண்டே நடக்கும். ஒரு காலால் சேற்றைக் கிளறும், இறக்கையை விரித்து மிரட்டும். மீன் அலகில் பட்டதும் மூடும். இதன் நெருங்கிய உறவான அமெரிக்க மர நாரையை வைத்து 1963இல் அளந்தார்கள். பட்டது முதல் மூடியது வரை ஒரு விநாடியில் நாற்பதில் ஒரு பங்கு. கலங்கிய நீரில் இதற்குப் போட்டியே கிடையாது. ஆனால் கலங்கிய நீராக மட்டும் இருந்தால் போதாது, மீன் நெருக்கமாக இருக்க வேண்டும், தண்ணீர் கால் நீளத்தைத் தாண்டக் கூடாது. குருட்டுத்தனமாகத் துழாவும் தொழில், நெரிசலில்தான் நடக்கும்.

அதே நெரிசலுக்கு மனிதர்களும் காத்திருக்கிறார்கள். மேலூர், கொட்டாம்பட்டிப் பக்கத்துக் கண்மாய்களில் கோடையில் மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும் சுற்றுவட்டாரத்து ஊர்கள் எல்லாம் ஊத்தா, கச்சா, அரிவலையோடு சேற்றில் இறங்கும். மூங்கில் ஊத்தாவைச் சேற்றில் குத்தி, மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவி மீனை எடுப்பார்கள். சங்குவளை நாரை அலகால் செய்வதைக் கையால் செய்கிறார்கள், தொழில்நுட்பம் ஒன்றுதான். பிடித்த மீனை விற்கக் கூடாது, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைக்க வேண்டும் என்பது பல ஊர்களில் வழக்கம். மற்றபடி ஆண்டு முழுவதும் மீன்பாசிக் குத்தகை எடுத்தவர் உரிமை. குத்தகைக்காரருக்கு நீர்க்காகத்தைக் கண்டால் ஆகாது. அதுவும் இரண்டு வேட்டைக்காரர்களின் போட்டிதான்.

மேலே போனது கீழே வர வேண்டாமா? வருகிறது, பறவை எச்சமாக. கண்மாய்க்குள் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களில் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டும். பகலெல்லாம் சுற்றுவட்டாரத்து வயல்களில் மேய்ந்துவிட்டு வந்து இங்கே எச்சமிடும். வயலில் தின்ற நண்டும் தவளையும் இந்தத் தண்ணீரில் நைட்ரஜனும் பாஸ்பரஸுமாக இறங்கும். அது பாசியாகும், நீர்த்தெள்ளாகும், மீனாகும். வேடந்தாங்கலில் 18ஆம் நூற்றாண்டிலேயே விவசாயிகள் இந்தத் தண்ணீரின் உரத்தை அறிந்து பறவைகளைச் சுடவிடாமல் காத்தார்கள். மதுரையிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டரில், சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி 1977இல் சரணாலயமானது. கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் அங்கே கூடுகட்டும் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. பக்தியா, பாசமா, உரக் கணக்கா என்று பிரித்துப் பார்க்க நான் தயாரில்லை. மூன்றும் இருக்கலாம்.

கரையைத் தாண்டி நடக்கும் இந்தப் பரிமாற்றம் நம் புலவர்களுக்குத் தெரியும். குறுந்தொகையின் எட்டாம் பாட்டில் ஆலங்குடி வங்கனார் காட்டும் மருத நிலத்தில், வயலோரத்து மாமரத்திலிருந்து உதிரும் கனியைக் குளத்து வாளை மீன் கவ்விக்கொள்கிறது. அந்தப் பாட்டின் கவலை வேறு, தலைவனின் குணத்தைக் குத்திக்காட்டுவது. உதாரணத்துக்கு எடுத்த காட்சியோ, நிலத்து உணவு நீருக்குள் போகும் பாதை. கோடையில் இது திரும்பும். வற்றிய கண்மாயின் வண்டலை வண்டியில் அள்ளி வயலில் கொட்டுவார்கள். பொட்டலில் முளைத்த புல்லை மாடு மேய்ந்து சாணம் போட்டுவிட்டுப் போகும். அடுத்த மழைக்கு அந்தச் சாணமும் ஒரு பந்தி.

இந்தப் போக்குவரத்தில் நஞ்சும் ஏறிக்கொள்ளும் என்பதுதான் சிக்கல். கலிஃபோர்னியாவின் கிளியர் ஏரியில் 1949, 1954, 1957 என்று மூன்று முறை, கடிக்காத ஒரு கொசுவை ஒழிக்க டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லியைக் கலந்தார்கள். தண்ணீரில் அதிகபட்சம் பத்து லட்சத்துக்கு 0.02 பங்கு என்ற அளவு. அது யாரையும் கொல்லாது என்று நினைத்தார்கள். முக்குளிப்பான் பறவைகள் செத்து மிதந்தன. அவற்றின் கொழுப்பைச் சோதித்தபோது பத்து லட்சத்துக்கு 1,600 பங்கு வரை இருந்தது. படிக்குப் படி உணவில் பத்தில் ஒன்பது பங்கு மூச்சாகக் கரைந்துவிடுகிறது. கொழுப்பில் ஒட்டிக்கொள்ளும் நஞ்சு மட்டும் கரையாமல் அடுத்தவர் வயிற்றுக்குப் போய்ச் சேர்கிறது. லிண்டமன் கணக்கின் மறுபக்கம் இது. நம் கண்மாய்களில் மூழ்கி மூழ்கி எழும் சிறு முக்குளிப்பானும் அதே குடும்பம்தான். நம் கண்மாய்களுக்கும் மேல்வயல்களின் வடிநீர் வருகிறது.

நகரத்துக் கண்மாய்களுக்கு வேறு வகையான விருந்து. மதுரைக்குத் தெற்கே சாமநத்தம் கண்மாய்க்கு அவனியாபுரம் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துப் பக்கமிருந்து தண்ணீர் வருகிறது. கோடையிலும் நீர் இருப்பதால் கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், நெடுங்கால் உள்ளான், கூழைக்கடா எல்லாம் கூடுகின்றன. இதைப் பறவைகள் சரணாலயமாக்க வேண்டும் என்று மதுரைப் பறவை ஆர்வலர்கள் கேட்டு வருகிறார்கள். கழிவுநீரில் இவ்வளவு பறவையா என்று முகம் சுளிப்பவர்கள் சேற்றுச் சமையலை மறந்துவிடுகிறார்கள். கழிவில் இருப்பதும் சத்துதான், ரத்தப்புழுவுக்கு அது கல்யாணச் சாப்பாடு. அளவு மீறினால்தான் வலை அறுகிறது. பகலில் பாசி பெருகும், இரவில் அதே பாசியும் பாக்டீரியாவும் ஆக்சிஜனை உறிஞ்சித் தீர்க்கும். விடியலில் கெண்டை வாயைப் பிளந்து மேலே வரும். காற்றைக் குடித்து வாழத் தெரிந்த விராலும் கெளுத்தியும் தாங்கும். எதையும் தாங்கும் ஜிலேபி பெருகும். 1952இல் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மீன் அது. இன்று கண்மாய் மீன் என்றாலே பலருக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது.

ஆகாயத்தாமரையையும் இதே கண்ணோடு பார்க்கலாம். அமேசான் படுகையிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அழகுச் செடியாக இந்தியாவுக்கு வந்தது. கழிவுச் சத்தைக் குடித்து இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். அதன் ஊரில் அதைத் தின்னப் பூச்சிகள் உண்டு, இங்கே பந்தியில் அதற்கு எதிரில் யாரும் உட்காரவில்லை. 1980களில் பெங்களூரு ஏரிகளில் தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட கூன்வண்டுகளை விட்டுப் பார்த்தார்கள். சில ஏரிகளில் நன்றாகவே பலித்தது. மதுரையில் நமக்குத் தெரிந்த வழி பொக்லைன். அள்ளிக் கரையில் போட்டால் மழைக்கு அது உரமாகக் கரைந்து மறுபடி உள்ளே போகும்.

பொக்லைன் என்றதும் ஒரு குறை சொல்லாமல் போக முடியாது. கண்மாயைச் சீரமைப்பது என்றால் ஆழப்படுத்துவது என்று ஆகிவிட்டது. கரையைச் சுற்றி நடைபாதை, விளக்கு, சிமென்ட் சரிவு, நடுவே சீராக வெட்டிய தொட்டி. கொள்ளளவு கூடும், நிலத்தடி நீர் ஏறும், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் மேலே எழுதியதில் பெரும்பாலானவை எங்கே நடந்தன என்று திரும்பிப் பாருங்கள். சம்பு நைந்தது, ரத்தப்புழு கொழுத்தது, நாரை துழாவியது, நத்தை அறுபட்டது எல்லாம் உள்வாயில், முழங்காலுக்குக் குறைந்த தண்ணீரில். செங்குத்தாக வெட்டிய தொட்டியில் கூழைக்கடாவும் நீர்க்காகமும் மீன் பிடிக்கும். நடந்து மேயும் பறவைக்கு நிற்க இடமில்லை. கரைப்பக்கம் எவ்வளவு வேண்டுமானாலும் ஆழமாக்கட்டும். உள்வாயின் சரிவைச் சரிவாகவே விட்டுவிட்டால் போதும். நாலு புறமும் படிக்கட்டு கட்டினால் அதற்குப் பெயர் பொற்றாமரைக் குளம், அங்கே நாரைக்கு வேலை இல்லை.

சித்திரை வெயிலில் வெடித்துக் கிடக்கும் கண்மாய்த் தரையைப் பார்த்து இது செத்துவிட்டது என்று சொல்லத் தோன்றும். வெடிப்புக்குள் ஈரம் இருக்கும் ஆழத்தில் விரால் ஒன்று வழுவழுப்பைப் போர்த்திக்கொண்டு கிடக்கலாம். அதற்கு மேல், கிரிக்கெட் ஆடும் பையன்கள் ஸ்டம்ப் நட்ட அதே மண்ணில், நீர்த்தெள்ளுகளும் அவற்றின் உறவுகளும் தடித்த ஓட்டுக்குள் விட்டுச்சென்ற முட்டைகள் பொடிபோலக் கலந்திருக்கும். அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில் ஒரு குளத்தின் அடிமண்ணிலிருந்து எடுத்த இப்படிப்பட்ட முட்டைகள் 1995இல் வெளியான ஆய்வின்படி 300 ஆண்டுகளுக்கு மேல் கிடந்தும் பொரித்தன. திருமலை நாயக்கர் மகாலை ஒட்டிய வயது. நம் முட்டைகளுக்கு அவ்வளவு பொறுமை தேவைப்படுவதில்லை, ஐப்பசி வரை இருந்தால் சரி.

வரத்துக்காலில் முதல் தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்து பள்ளத்தை நிரப்பும். சாணமும் சருகும் ஊறும். சில நாளில் பொடி மண்ணிலிருந்து நீர்த்தெள்ளுகள் புள்ளிப் புள்ளியாகத் துள்ளத் தொடங்கும். மழை மேகத்தோடு கூட்டமாக வரும் தட்டான்கள் வாலால் நீரைத் தொட்டுத் தொட்டு முட்டையிடும். பையன்கள் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு கரைக்கு ஏறிவிடுவார்கள். அவர்கள் பந்து போட்ட இடத்தில், கணுக்கால் நீரில், எங்கிருந்தோ வந்த ஒரு குருட்டுக்கொக்கு கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு நிற்கும்.